ஆறாவது பை

பெட்டி அடுக்குவது பலர் நினைப்பது போல எளிய வேலை இல்லை, ஐயா. கனமானதைக் கீழே வை, கசங்குவதை மேலே வை என்று எல்லோரும் சொல்வார்கள். எது முதலில் கைக்கு வர வேண்டும், எது கடைசியில் வர வேண்டும் என்று யோசித்து அடுக்குவதுதான் வேலை தெரிந்தவர் செய்வது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். யாரும் நிறுத்தவில்லை. எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒரு நாள் வகுப்பு முழுக்கச் சிரித்தது. மறுநாள் நான் போகவில்லை, அவ்வளவுதான். ஆறு வருடமாகச் சலவைக் கடையில் இஸ்திரி போட்டு மடித்துக் கொடுக்கிறேன். அங்கே இரண்டு விஷயம் கற்றுக்கொண்டேன். இஸ்திரிப் பெட்டி துணியை இழுக்காமல் ஓட வேண்டுமானால் அதன் அடியில் மெழுகு தேய்க்க வேண்டும். வாடிக்கையாளரின் பாக்கெட்டில் எது கிடைத்தாலும் தகர டப்பாவில் போட்டு வைக்க வேண்டும். கேட்டு வந்தால் கொடுப்போம். அனேகமாக யாரும் வருவதில்லை. எங்கே தொலைத்தோம் என்று வீட்டில் சொல்ல முடியாத பொருள்தான் பாக்கெட்டில் அதிகம் கிடக்கிறது.

மீதி நேரத்தில் எழுதுவேன். யாருக்கும் தெரியாது. வீட்டில் இஸ்திரி மேஜையின் விரிப்புக்கு அடியில் ஐந்து நோட்டுகள் வைத்திருந்தேன். ஐந்தாவதில் ஒரு துப்பறியும் கதை, சிரிப்பும் கலந்தது. புதிதாகக் கல்யாணமான இருவர் ஏழு நாள் வெளிநாடு போகிறார்கள். முதல் நாள் கணவனின் சட்டையில் ஒற்றைத் தோடு கிடைக்கிறது. அங்கிருந்து ஒவ்வொரு நாளும் ஒன்று. மொத்தம் நாற்பது பக்கம்.

அக்காவுக்குக் கல்யாணமான பத்தாம் நாள் அவர்களும் வெளிநாடு புறப்பட இருந்தார்கள். முந்தின நாள் அக்கா கத்தரிக்கோல் தேடி விரிப்பைத் தூக்கினாள். நோட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அத்தான், அவருடைய அம்மா, எங்கள் அப்பா அம்மா எல்லோரும் இருந்தார்கள்.

"இங்க பாருங்க, நம்ம வீட்டுல ஒரு எழுத்தாளர் ஒளிஞ்சிருக்காங்க" என்றாள்.

அக்காவுக்கு நல்ல குரல். பள்ளியில் வாசிப்புக்குப் பரிசு வாங்கியவள். முதலிலிருந்து கடைசிவரை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்.

"வெளிநாட்டைப் பத்தி எழுதியிருக்காங்களே, மேடம் பஸ் ஸ்டாண்டைத் தாண்டியிருக்காங்களா?" என்றார் அத்தான்.

"விடுப்பா, பாவம், சின்னப் பொண்ணு" என்றார் அவருடைய அம்மா. சொல்லிவிட்டு அவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"ஒரு தோட்டைப் பாத்ததும் பொண்டாட்டிக்குச் சந்தேகம் வந்துடுமாம். ஆறாம் நாள் புருஷன் படியில உருண்டு செத்துப்போவானாம், பொண்டாட்டியைப் போலீஸ் பிடிக்குமாம்" என்றாள் அக்கா. "இப்படியெல்லாம் எங்கடி நடக்கும்?"

நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது ஒருத்தி மட்டும் சும்மா நின்றால் நன்றாக இருக்காது.

அத்தானின் புதுக் கறுப்பு ஷூ பெட்டியில் நசுங்கிவிடும், உள்ளே திணிக்கக் காகிதம் வேண்டும் என்று பேச்சு வந்தது. "இதோ இருக்கே" என்று அக்கா என் பக்கங்களைக் கிழித்துக் கசக்கி இரண்டு ஷூவிலும் திணித்தாள். "கோவிச்சுக்காதடி, வந்ததும் எடுத்துத் தந்துடறேன். பெட்டியை நீயே அடுக்கிடு, உன் கை மாதிரி வராது." அதைப் பாசமாகத்தான் சொன்னாள். நான் மறுக்கவில்லை.

எனக்குக் கோபம் இல்லை, ஐயா. வாசித்தவர்கள் ஒரு குறை சொன்னார்கள். அந்தக் குறை சரியா என்று பார்க்க வேண்டியது எழுதியவளின் கடமை.

ஏழு துணிப் பைகள் தைத்து எண் போட்டேன். ஒரு நாளுக்கு ஒரு பை, இருவர் உடையும் அதிலேயே. ஒன்று இருக்கும்போது இரண்டைத் திறக்கிற ஆள் இல்லை என் அக்கா. பரீட்சையில் முதல் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் இரண்டாவதுக்கே போகமாட்டாள்.

முதல் பையில் அத்தானின் சட்டைக்குள் தகர டப்பாவின் ஒற்றைத் தோடு. இரண்டாவதில், யாரோ ஒரு பெண் யாருக்கோ எழுதிய சீட்டு: "மறுபடி எப்ப வருவீங்க? நீலச் சட்டையே போட்டுட்டு வாங்க." அதை நீலச் சட்டையில் வைத்தேன். மூன்றாவதில், அக்காவின் உடைக்குள் ஓர் ஆணின் மோதிரம். சந்தேகம் ஒருவர் மேல் மட்டும் விழுந்தால் அது நியாயமாகாது.

அக்கா தினமும் எனக்குப் போன் செய்தாள். முதல் நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கிசுகிசுத்தாள். "என் கதையை ஞாபகப்படுத்துதே அக்கா" என்று நானே சொன்னேன். "போடி, உனக்கு எப்பவும் கதைதான்" என்று அவள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டாள். நான்காம் நாள் அவர் முடிவெட்டப் போகிறேன் என்று கிளம்பினார், இவள் கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். ஒருவரை ஒருவர் வேவு பார்க்க, ஓட்டலுக்கு எதிரே இருந்த ஒரே தூணின் இரண்டு பக்கமும் அரை மணி நேரம் முதுகோடு முதுகாக ஒளிந்திருந்தார்கள். அதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தேன். என் கதையில் அது மரம். தூண்தான் பொருத்தம்.

அறையைச் சுத்தம் செய்த பெண்மேல் இருவருமாகப் புகார் கொடுத்து, அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவர் என் கதையில் இல்லாதவர். அதில் மட்டும் எனக்கு வருத்தம் உண்டு.

நான்காவது, ஐந்தாவது பைகளில் நான் எதுவும் வைக்கவில்லை. தேவைப்படாது என்று அடுக்கும்போதே தெரியும்.

கறுப்பு ஷூ ஆறாவது பை. அந்த ஓட்டலின் வெள்ளைப் பளிங்குப் படிக்கட்டை அத்தான் புறப்படும் முன்பே தன் போனில் எல்லோருக்கும் காட்டியிருந்தார். "ஆறாம் நாள் டின்னருக்கு இந்த ஷூவைப் போட்டுட்டு இதுல இறங்கி வருவேன், நீ கீழ நின்னு வீடியோ எடு" என்று அக்காவிடம் சொல்லியிருந்தார். அன்று அவள் கீழே நிற்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டே அவர் பின்னால் வந்தாள். சட்டையைப் பிடித்து நிறுத்தக் கை நீட்டியிருக்கிறாள். பரிமாறுகிறவர்கள் மூன்று பேர் கீழிருந்து பார்த்தார்கள். தள்ளிவிட்டாள் என்று மூவரும் சொன்னார்கள். முப்பத்தொரு படி.

அவள் தள்ளவில்லை. ஷூவின் அடியைப் பார்த்திருப்பீர்கள். மேலே பாலிஷ் போட்டேன். அடியில் மெழுகு தேய்த்து, துணி போட்டு, சூடு குறைத்து இஸ்திரி வைத்தேன். தோல் அப்படியே குடித்துக்கொண்டது. அறையிலிருந்து படிக்கட்டுவரை கம்பளம் என்பதும் போனில் தெரிந்தது. கம்பளத்தில் அது வழுக்காது.

அக்கா அந்த ஊர்ச் சிறைக்குள் போய் ஐந்து மாதம். வாரம் ஒரு கடிதம் எழுதுகிறேன். "எல்லாரும் கைவிட்டுட்டாங்க, நீ ஒருத்திதான் என்னை நம்புறே" என்று போன மாதம் எழுதியிருந்தாள். உண்மைதான். அவள் நிரபராதி என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

ஷூவிலிருந்து உருவிய காகிதங்களை அத்தான் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் பெண் வேலையில் இருந்திருந்தால் அவை குப்பைக்குப் போயிருக்கும். அந்த ஊர்ப் போலீஸ்காரர்கள் பொறுமையாக மொழிபெயர்த்து வாசித்து, உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவ்வளவு கவனமாக வேலை செய்கிறவள் இதை எப்படி விட்டாய் என்று கேட்டீர்கள். மறந்துவிட்டேன் என்று முதலில் சொன்னேன்.

மறக்கவில்லை. அக்கா திணித்ததை அன்றே வெளியே எடுத்தேன். தண்ணீர் தெளித்து, சுருக்கம் எடுத்து, பக்க எண் போட்டேன். இருபது பக்கம் இடது ஷூவில், இருபது வலது ஷூவில், வரிசை மாறாமல் சுருட்டி வைத்தேன். யாராவது ஒருவர் சிரிக்காமல் வாசிக்கட்டும் என்றுதான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். அக்காவை விட்டுவிடச் சொல்லுங்கள், அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. விடுவதற்கு முன்னால் அவளிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள், ஐயா. இப்படியெல்லாம் நடக்கும் என்று இப்போதாவது ஒப்புக்கொள்கிறாளா?