மத்தியானத் தண்ணீர்

கோடையில் தக்காளிக்கு மத்தியானம் தண்ணீர் விடக் கூடாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்; பார்க்கப் பாவமாகத்தான் இருக்கும். ஆனால் கொதிக்கிற மண்ணில் தண்ணீர் பட்டால் வேர் வெந்துவிடும். சாயங்காலம் வெயில் இறங்கியதும் அதுவே நிமிர்ந்துகொள்ளும். இதை எதற்குச் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள், இன்ஸ்பெக்டரம்மா. நேற்று வீட்டுக்கு வந்தபோது, இந்த வெயிலில் எப்படி இப்படிக் காய்க்கிறது என்று நீங்கள்தான் கேட்டீர்கள்.

எல்லாம் பழக்குவதில் இருக்கிறது. தினமும் தெளித்துத் தெளித்துச் செல்லம் கொடுத்தால் வேர் மேலாகவே நின்றுவிடும். ஒரு தடவை தண்ணீர் லாரி வராவிட்டால் செடி போச்சு. அதனால் நாற்று வேர் பிடித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் கூட்ட வேண்டும். அப்போதுதான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே போகும். மண்ணுக்கு மேல் காய்ந்த சருகைப் பரப்ப வேண்டும். பூ எடுக்கும் சமயத்தில் மட்டும் அனல் படாமல் நிழல்வலை கட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் பூவெல்லாம் கொட்டிவிடும்.

அந்தப் பச்சை வலை என் மகன் வாங்கி அனுப்பியது. செடிக்கு இல்லை, அவன் அப்பாவுக்கு. என் வீட்டுக்காரர் படுத்திருந்த அறை மேற்குப் பார்த்தது, மேலே தகரம். வாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட பிறகு அவர் வாயில் மிஞ்சியது ஒரே சொல்தான். 'ஏய்.' எனக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்தே என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இப்போது பசித்தாலும் ஏய், புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்றாலும் ஏய், தாகமென்றாலும் ஏய்.

நன்றாக நடமாடிய காலத்தில் அவருக்குச் செடி என்றாலே ஆகாது. ஸ்கூட்டர் டயரில் மண் ஒட்டுகிறதாம். ஒரு கோடையில் முதல் தடவையாகக் கத்தரி கை நிறையக் காய்த்திருந்தது. நான் கடைக்குப் போய் வருவதற்குள் கொத்தனாரைக் கூப்பிட்டு வாசல் முழுக்க சிமெண்ட் போட்டுவிட்டார். செடியைப் பிடுங்கக்கூட இல்லை. மடக்கிப் போட்டு, அதன் மேலேயே பூசியிருந்தார்கள். ஓரத்தில் ஒரு காயின் காம்பு மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"ஏய், இப்ப பாரு, எவ்வளவு சுத்தமா இருக்கு. காய் வேணும்னா கடையில இல்லையா?" என்றார்.

நான் உள்ளே போய் அடுப்பில் உலை வைத்தேன். வயிறு எரிந்தது, அதை உங்களிடம் மறைக்கவில்லை. ஆனால் பழசையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு திரிகிற ஆள் நான் இல்லை.

அவர் படுக்கையில் விழுந்ததும் அதே கொத்தனாரை வரவழைத்து அந்தத் தரையை உடைக்கச் சொன்னேன். சரியாக அவருடைய ஜன்னலுக்கு அடியில். கடப்பாரை விழும்போதெல்லாம் உள்ளிருந்து 'ஏய்' என்று குரல் வரும். கொத்தனார்தான் நெளிந்தார்.

"அக்கா, சாருக்குத் தொந்தரவா இருக்கும்போல."

"நீங்க உடைங்க தம்பி. அவருக்கு இந்தத் தரைன்னா உசிரு, அதான்."

டாக்டர் அவருக்கு நாள் முழுக்க ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர் கொடுக்கச் சொல்லியிருந்தார். கொடுத்தேன். குடித்தால் படுக்கை நனையும். விரிப்பு துவைக்க ஒரு வாளி போகும். அந்த ஒரு வாளியில் ஒரு பாத்தி முழுக்க நனைத்துவிடலாம். லாரி எப்போது வருமென்று யாருக்கும் தெரியாத கோடை இது. முதலில் இடைவெளியைச் சற்றுக் கூட்டினேன். விரிப்பு காய்ந்தே இருந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன். கூப்பிடுவதும் குறைந்தது. பழகிக்கொண்டார் என்று நிம்மதியாக இருந்தது. தக்காளி பூ எடுத்ததும் ஜன்னலில் இருந்த வலையை அவிழ்த்து அதற்குக் கட்டினேன். அறை கொஞ்சம் காந்தியது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மகன் வீடியோவில் கூப்பிடுவான். அதற்கு முன்னால் அவர் உதட்டை நனைத்துவிடுவேன், வெடிப்பு தெரியாமல் இருக்க.

"அப்பா ரொம்ப இளைச்சிட்டாரேம்மா."

"வெயில் காலம்பா. யாருக்கும் உடம்பு கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்."

கோபத்தில் எதுவும் செய்யவில்லை. ஒரு தடவைகூட அவரிடம் நான் குரலை உயர்த்தியதில்லை. அக்கம்பக்கத்தில் வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

அவர் போன அன்றைக்கு லாரி வந்திருந்தது. டிரம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. நான் அதன் பக்கத்தில் நின்று கையைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளிருந்து கூப்பிட்டார். 'ஏய்' இல்லை. என் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும், ஓர் எழுத்துகூடக் குளறாமல். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இன்னொரு தடவையும் சொன்னார்.

நன்றாகக் காதில் விழுந்தது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு டிரம்மை மூடினேன். கொடுக்கக் கூடாது என்றில்லை, இன்ஸ்பெக்டரம்மா. உச்சி வெயில் நேரம். சாயங்காலம் ஆனால் அவரே நிமிர்ந்துகொள்வார் என்று நினைத்தேன்.