எழுப்புவதற்கு முந்தைய நாள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் கதவு எண்ணும் இந்தத் தாளின் தலைப்பில் எழுதப்பட்டுள்ளன. எனக்கு வயது இருபத்தேழு. மேற்படி முகவரியில் அண்ணன், அண்ணியுடன் மாடி வீட்டில் குடியிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் உடற்பயிற்சி அறிவியல் துறையில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துவருகிறேன்.

என் மேல் இரண்டு புகார்கள் இருப்பதாக இந்தக் காவல் நிலைய அதிகாரி சொன்னார். ஒன்று, எங்கள் ஆராய்ச்சிக்கு வந்து படிக்கட்டில் விழுந்த ஓட்டுநரின் மனைவி கொடுத்தது. அவருடைய கணவரை நான் அறைக்குள் வைத்துப் பூட்டினேன் என்பது அது. மற்றது என் வழிகாட்டிப் பேராசிரியர் கொடுத்தது. அவருடைய அனுமதி இல்லாமல் நான் அந்தக் கதவைத் திறந்துவிட்டேன் என்பது அது. இரண்டைப் பற்றியும் சொல்கிறேன்.

நல்ல உடம்புள்ள ஒருவர் நடக்காமல் படுத்தே கிடந்தால் அந்த உடம்பு என்ன ஆகிறது என்று பார்ப்பது எங்கள் ஆராய்ச்சி. கட்டிலின் கால்மாட்டில் மரக்கட்டை வைத்து உயர்த்தி, தலை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி மூன்று வாரம் படுக்கவைக்கிறோம். சாப்பாடு, குளியல், மற்றது எல்லாம் படுத்தபடிதான். உட்காரக் கூடாது. தலையணை கிடையாது. படுத்துக் கிடந்தவர் நிமிரும்போது இரத்தம் காலுக்கு இறங்கிவிடும், மயக்கம் வரும். அந்த இரத்த அழுத்தம்தான் என் தலைப்பு. நடையும் சமநிலையும் வேறொரு மாணவரின் தலைப்பு. அவர் எழுப்பும் நாளன்று மட்டும் வருவார்.

எழுப்புவதற்கு முறை உண்டு. முதலில் கட்டையை எடுத்துக் கட்டிலை மட்டமாக்க வேண்டும். அதன் பிறகு முதுகை உயர்த்த வேண்டும். அதன் பிறகு காலைத் தொங்கவிட்டு உட்காரவைக்க வேண்டும். அதன் பிறகு இரண்டு பக்கமும் ஆள் பிடித்து நிறுத்த வேண்டும். அரை நாள் ஆகும். படிக்கட்டு மறுநாள்தான்.

விழுந்தவர் பேருந்து ஓட்டுநர். டிரைவர் அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். சேர்ந்த அன்று, ஏன் வந்தீர்கள் என்று கேட்டேன். "இருபது வருஷமா உக்காந்தே பொழப்பு ஓடிச்சு. இப்ப படுக்க வான்னு கூப்பிடறாங்க, கசக்குதா?" என்றார். அதன் பிறகு, சேருகிறவர்கள் எல்லோருக்கும் வாசிப்பதை அவருக்கும் வாசித்துக் காட்டினேன். நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், காரணம் சொல்லத் தேவையில்லை என்பது அதில் முதல் வரி. அவர் சிரித்தார். "பஸ்ல ஏறினவனே நெனச்ச எடத்துல எறங்க முடியாதும்மா. இது பரவால்லியே" என்றார்.

அவர் தூங்கும்போது வலது கால் கட்டில் பலகையை அழுத்தும், விடும், மறுபடி அழுத்தும். எங்கள் உதவியாளர் எந்நேரமும் கழுத்தில் அளவு நாடாவோடு இருப்பார். அவரை டேப் அண்ணன் என்போம். "என்னண்ணே, ராத்திரியெல்லாம் பிரேக்கு? கட்டில் எங்க போய் முட்டப் போகுது?" என்பார் அவர். வாராவாரம் கெண்டைக்காலை அளப்போம். அது மெலிந்துகொண்டே வந்தது. "கொக்குக் காலாயிடுச்சு. இதை வெச்சு மிதிச்சா பஸ்ஸே சிரிக்கும்" என்று டிரைவர் அண்ணன் சொன்னார். சிரித்தபடிதான் சொன்னார். அன்று மாலை முழுக்கச் சுவர் பக்கம் திரும்பியே படுத்திருந்தார்.

வெளியிலிருந்து வரும் செய்தி எதுவும் நேராக அவரிடம் போகாது. பொறுப்பில் இருக்கும் மாணவரிடம் வரும். அன்றைய அளவு முடிந்த பிறகே சொல்லப்படும். செய்தி கேட்டால் நாடித் துடிப்பு மாறிவிடும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல செய்திக்கும் இதேதான். அவருடைய மச்சினனுக்கு வேலை கிடைத்ததை ஒரு நாள் வைத்திருந்து சொன்னோம். "நேத்தே சொல்லியிருந்தா நேத்தே சந்தோஷப்பட்டிருப்பேன்ல" என்றார். கோபப்படவில்லை.

சம்பவத்தன்று, அதாவது எழுப்புவதற்கு முந்தைய நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய மனைவி என் கைபேசிக்கு அழைத்தார். நான்காம் வகுப்பில் படிக்கும் மகளுக்குக் காலையிலிருந்து வயிற்று வலி என்றும், குடல்வால் வெடிக்கும் நிலையில் இருப்பதால் உடனே அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றும், அப்பா வந்தால்தான் உள்ளே போவேன் என்று பிள்ளை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றும் சொன்னார். "ஒரே ஒரு எட்டு வந்து மொகத்தைக் காட்டிட்டுப் போகட்டும்மா. அனுப்பி வை" என்றார். ஒரு எட்டு என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது.

அதன் பிறகு பேராசிரியரிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"நாளைக்கு எழுப்பப்போறோம். இன்னைக்கு எந்திரிச்சா மூணு வார வேலையும் ஆத்துல கரைச்ச புளிதான். அளவை முடி. அப்புறம் சொல்லிக்கலாம்."

"சார், சின்னப் பொண்ணு சார்."

"டாக்டருங்க எதுக்கு இருக்காங்க? நீ உன் வேலையைப் பாரு."

நான் என் வேலையைப் பார்த்தேன். இரத்த அழுத்தப் பட்டியை டிரைவர் அண்ணன் கையில் சுற்றி அளவெடுத்தேன். அளவு நன்றாக இருந்தது. என் முகத்தைப் பார்த்து, "என்னம்மா, பிரஷர் உனக்குத்தான் போல" என்றார். அதன் பிறகு சொன்னேன்.

அவர் கத்தவில்லை. "வண்டி ஏற்பாடு பண்ணு" என்றார். ஆம்புலன்சுக்குச் சொன்னேன். எங்கள் அறை மூன்றாம் மாடியில் இருக்கிறது. மின்தூக்கி அன்று பழுதாகியிருந்தது. நான்கு பேர் தூக்கிப் படியில்தான் இறக்க வேண்டும். டேப் அண்ணன் ஆள் கூட்டிவரக் கீழே ஓடினார். டிரைவர் அண்ணனின் மனைவியைக் கைபேசியில் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அவர் பிள்ளையைத் தங்கையிடம் விட்டுவிட்டு எங்கள் கட்டடத்துக்கே கிளம்பி வந்துகொண்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

அதற்குள் டிரைவர் அண்ணன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். முகம் வெளுத்தது. சாய்ந்துவிட்டார். மறுபடி எழுந்தார். மறுபடி சாய்ந்தார். மூன்றாவது முறை காலைக் கீழே போட்டார். அப்போது நான் போய்க் கதவை உள்பக்கம் பூட்டிச் சாவியை வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். ஆள் வருவதற்குள் அவர் படிக்கட்டுக்குப் போய்விடுவாரோ என்ற பயத்தில் பூட்டினேன். பேராசிரியரின் அளவுக்காகப் பூட்டவில்லை. இதற்குச் சாட்சி யாரும் இல்லை.

"தங்கச்சி, கதவைத் தொற."

"ஸ்ட்ரெச்சர் வந்துடும்ணே."

"நெனச்சப்ப போலாம்னு படிச்சுக் காட்டினது யாரு?"

"நான்தாண்ணே."

"இப்ப நெனக்கறேன்."

"போலாம்ணே. ஆனா..."

"அன்னைக்கு 'ஆனா' போட்டுப் படிக்கலியே நீ."

ஜன்னலுக்குக் கம்பி உண்டு. அறையில் ஒரு கட்டில், ஒரு நாற்காலி, என் கருவி. அவரும் நானும். யார் யாரை வைத்துப் பூட்டியிருக்கிறோம் என்று எனக்கு அப்போது தோன்றியது. தோன்றியதை எழுத வேண்டாம் என்று அதிகாரி சொன்னார். எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு அவருடைய மனைவி வந்து கதவைத் தட்டினார்.

"என்னங்க! உள்ளதான் இருக்கீங்களா?"

"இருக்கேண்டி."

"கதவை யாரு பூட்டினது?"

அவர் என்னைப் பார்த்தார்.

"பூட்டு மாட்டிக்கிச்சு. தங்கச்சி பாத்துக்கிட்டு இருக்கு. கத்தாத."

"டாக்டர் இனிமே காத்திருக்க முடியாதுங்கறாரு. பாப்பா அழுது அழுது தொண்டையே கட்டிப்போச்சுங்க."

அதைக் கேட்டதும் திறந்துவிட முடிவு செய்தேன். ஓட்டுநர் எனக்காகப் பொய் சொன்னதால் திறந்தேனா, பிள்ளை அழுகிறது என்று கேட்டதால் திறந்தேனா என்று அதிகாரி கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆனால் அப்படியே திறந்துவிடவில்லை. அவரை மறுபடி படுக்கவைத்துக் கட்டையை எடுத்தேன். முதுகை உயர்த்தினேன். இரண்டு காலிலும் கணுக்காலிலிருந்து தொடைவரை கிரேப் பேண்டேஜை இறுக்கிச் சுற்றினேன், இரத்தம் கீழே இறங்கித் தங்காமல் இருக்க. ஒரு சொம்புத் தண்ணீர் குடிக்கவைத்தேன். உட்காரவைத்து அளந்தேன். அளவு சரியாக இருந்தது. நிற்கவைத்து அளந்தேன். அதுவும் சரியாக இருந்தது. இனி மயங்க மாட்டார் என்று உறுதியானது. அதன் பிறகு சாவியைப் போட்டுத் திறந்தேன். சாவி உள்பக்கம் திரும்பும் சத்தம் அவர் மனைவிக்குக் கேட்டது. என்னைப் பார்த்து, "நீயெல்லாம் ஒரு பொண்ணா?" என்றார். வேறொன்றும் சொல்ல நேரமில்லை.

ஒரு பக்கம் மனைவியும் மறுபக்கம் நானும் பிடித்துக்கொண்டோம். நடைபாதையில் சுவரைத் தொட்டபடி நடந்தார். "பாத்தியா, வண்டி ஓடுது" என்றார். படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு இறங்கினார். படி திரும்பும் இடத்தில் கைப்பிடி சிறிது தூரம் கிடையாது. அங்கே அவர் வலது காலை எடுத்து, படி இல்லாத இடத்தில் அழுத்தி வைத்தார். பிரேக்கை மிதிப்பதுபோல. எங்கள் இருவர் கையிலிருந்தும் போய்விட்டார்.

அவர் மயங்கவில்லை. விழும்போது கண் திறந்தே இருந்தது. என் கணக்கு சரி. மூன்று வாரம் தரையைத் தொடாத உள்ளங்காலுக்குத் தரை எங்கே இருக்கிறது என்பது மறந்துபோகும். எங்கள் துறையில் இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. அது என் தலைப்பு இல்லை.

டேப் அண்ணனும் நான்கு பேரும் ஸ்ட்ரெச்சரோடு ஏறி வந்து அதே இடத்தில் எங்களைப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் நேரம் பூட்டியே வைத்திருந்தால் போதும். அல்லது பூட்டாமலே இருந்து முதலிலேயே முறையாக எழுப்பத் தொடங்கியிருந்தால் போதும்.

அவரை மகள் இருந்த மருத்துவமனைக்கே கொண்டுபோனோம். நாங்கள் போவதற்குள் பிள்ளையை ஊசி போட்டு உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அவளுக்கு நல்லபடியாக முடிந்தது. அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. தகடு வைத்திருக்கிறார்கள். மறுபடி பேருந்து ஓட்ட முடியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

அன்று மாலை பேராசிரியர் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். ஓட்டுநர் என்னைத் தள்ளிவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டதாகச் சொன்னால் புகாரைத் திரும்பப் பெறுவதாகவும், என் ஆய்வேடு தாமதமில்லாமல் போகும் என்றும் சொன்னார். அண்ணனும் அதையே சொன்னார். "ஊரோட ஒத்துப்போம்மா. அஞ்சு வருஷப் படிப்பு." அண்ணன் இப்போது நிலையத்தின் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் சொன்னபடி நான் சொல்லவில்லை என்பது அவருக்கு இன்னும் தெரியாது. சாவியை யாரும் பிடுங்கவில்லை. என் கோட்டுப் பையிலிருந்து நானே எடுத்தேன்.

நேற்று மருத்துவமனைக்குப் போனேன். அவருடைய மனைவி என்னை உள்ளே விடவில்லை. அறை வாசலில் நின்றேன். வயிற்றில் அறுவை முடிந்தவர்களை மறுநாளே நடக்கவைப்பார்கள். அந்தப் பிள்ளை ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் சுவரையும் பிடித்துக்கொண்டு, செவிலியர் பின்னால் வர, அப்பாவின் கட்டில்வரை நடந்து வந்தது.

"நானே நடந்து வந்துட்டேன். நீ எந்திரிப்பா."

"எப்ப வேணும்னாலும் எந்திரிக்கலாம் கண்ணு. அப்பாவுக்கு இப்ப வேணாம்."

போர்வைக்குள் அவருடைய வலது கால் அழுத்தி, விட்டு, அழுத்திக்கொண்டிருந்தது.

எழுதியதை அதிகாரி வாசித்துக் காட்டக் கேட்டேன். பூட்டியது நான். திறந்தது நான். இரண்டில் எதையும் அடிக்காமல், இடையில் 'ஆனால்' எதுவும் சேர்க்காமல், நான் சொன்னபடியே இருக்கிறது என்பதற்குக் கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்)