குப்புறக் கிடந்த கல்

விளக்கு வைக்கிற நேரம். லட்சுமி வருவாளென்று எல்லாரும் வாசலைத் திறந்து வைக்கிற நேரம். கப்பல்துறை ஊரில் பஸ்ஸால் இறங்கி உள்ளே போகிற கிறவல் ரோட்டில் ஒரு வெளிச்சமும் இல்லை... யானை மணம் மட்டும். ரோட்டின் கடைசி வீடு நிருபனுடையது. அவனுடைய மனைவி தயாழினி, என் சிநேகிதி றஜிதாவின் சித்தி மகள். அவளுக்கு நடந்தது இது. சனூஸா, டோர்ச்சை நூர்த்து, இருட்டாக்கிவிட்டுக் கேள்.

கலியாணம் முடிந்த மாதமே நிருபனுக்குத் துறைமுக வேலை போனது. குற்றவாளி யார்? வந்தவள்தான். மாமியார் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "மூதேவி, தேத்தண்ணி எங்க?" "மூதேவி, உடுப்புத் தோய்ச்சாச்சோ?" தை பிறந்ததும் துரத்துவதென்று முடிவு. தாய் தகப்பன் இல்லாதவள், எங்கே போவாள்?

கார்த்திகை மழையில் கிணற்றடி மண் கரைந்தது. உடுப்புத் தோய்க்கிற கல் சரிந்தது. அடியில்... கால்விரல்கள்.

தயாழினி அலவாங்கால் நெம்பிப் பிரட்டி, படமெடுத்து எனக்கு அனுப்பினாள். அகன்ற தொடை, பெருத்த வயிறு, பக்கத்தில் காகக் கொடி. சேட்டை தேவியின் சிலை. லட்சுமிக்கு அக்கா. ஒருகாலத்தில் ராசாக்கள் கும்பிட்டவள். பிறகு பயந்து, முகங்குப்புறத் தள்ளி, முதுகில் ஊத்தை உடுப்பை அடித்தார்கள். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். நாலு வருசப் படிப்பு உதவியது இந்தப் பெயரைச் சொல்லத்தான்.

"அதுதான்டி மூதேவி. வடிவா இருக்கிறா, என்ன?" என்று அவளுக்குச் சொன்னேன்.

தயாழினி அந்த முகத்தைக் கழுவிப் பூ வைத்தாள். மாமியார் கண்டுவிட்டாள்.

"வீட்டுக்கு ஒண்டு காணாதெண்டு இன்னொண்டோ? குப்புறப் போடடா!"

நிருபன் போட்டான். தைவரை பொறுக்கவில்லை, அன்றைக்கே தயாழினியின் பையும் வாசலில் விழுந்தது. அவள் றஜிதா வீட்டுக்குப் போனாள்.

அடுத்த நாள், விளக்கு வைக்கிற நேரம்... தப். தப். ஈர உடுப்புக் கல்லில் விழுகிற சத்தம். கிணற்றடியில் ஒருவருமில்லை. அறைக்குள் சவர்க்கார மணம். மாமியார் கட்டிலில் குப்புறக் கிடந்தாள். ஒவ்வொரு தப்புக்கும் முதுகு துடித்தது. தினமும் அப்படித்தான். கடைசியில் நிருபன் ஃபோனில் அழுதான்.

"வாரும்... என்னால ஏலாது."

அந்த ரோட்டில் தனியே நடந்து போனாள் தயாழினி.

"முதல்ல கல்லைப் பிரட்டுங்கோ."

பிரட்டினான். முகத்தைக் காணவில்லை. அந்தப் பக்கமும் தேய்ந்த முதுகு.

உள்ளே ஓடி, தாயின் தோளைப் பிடித்துப் பிரட்டினான்.

அங்கேயும் முதுகுதான்.

அதற்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"மூதேவி... எங்க போனனீ?"