இரண்டு அங்குலம்

என் தம்பி உர்ஹோ எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பான். கேட்டுவிட்டுத் தன் விருப்பப்படி செய்வான். அதை நான் மரியாதையாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆகஸ்டில் ஒரு காலை, என் சமையலறையில் காபிக்கு உட்கார்ந்தபோதும் அப்படித்தான் ஆரம்பித்தான்.

"அக்கா, அப்பாவோட துப்பாக்கியில கட்டையை ரெண்டு அங்குலம் அறுத்துரலாம்னு பாக்குறேன்."

"ஏன், உனக்குக் கை குட்டையாயிருச்சா?"

"எனக்கில்லை, டெல்ஃபீனுக்கு. தோள்ல வச்சா விசைக்கு விரல் எட்ட மாட்டேங்குது. முன்னாடி மரத்தையும் கொஞ்சம் குறைச்சு, மேல ஒரு தொலைநோக்கி வச்சுட்டா லேசா இருக்கும்."

"அவ எதுக்கு அதைத் தூக்கணும்?"

"இந்த வருஷம் வேட்டைக்கு வர்றாளே."

"யாரு?"

"என் பொண்டாட்டிதான். பின்னே, பாதிரியாரா வருவாரு?"

"பொம்பளை வந்தா மான் வராதுன்னு அப்பா சொல்லுவாரே."

"அப்பா போய் நாலு வருஷமாச்சு. அவர் சட்டமும் கூடவே போயிருச்சு." ரொட்டியைக் காபியில் நனைத்துக்கொண்டே சிரித்தான். "உனக்கு மனசில்லைன்னா சொல்லிரு அக்கா, விட்டுடறேன்."

"இந்த வேட்டை முடியட்டும். யோசிச்சுச் சொல்றேன்."

"சரி. அதுவரைக்கும் என்னோட சின்னதை அவ எடுத்துக்கட்டும், நான் அப்பாவோடதைத் தூக்குறேன். ஆனா டிசம்பர்ல ரம்பத்தை எடுத்துருவேன். கிறிஸ்துமஸுக்கு அவ கையில குடுக்கணும்."

அந்த நேரத்தில் நானும் கேட்டிருக்கலாம். சட்டம் போய்விட்டது என்று அவனே சொன்னான். கேட்க வேண்டியது நான்கு சொற்கள்தான். நான் எழுந்து பாத்திரம் கழுவினேன்.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன், ஷெரீஃப் ஐயா. துப்பாக்கியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வது நல்லது. அது பின்லாந்து ராணுவம் கழித்துக்கட்டிய பழைய துப்பாக்கி. ஏழு வருடங்களுக்கு முன் இரும்புக்கடையில் ஒரு பீப்பாய்க்குள் விளக்குமாறுகள்போல நட்டு வைத்திருந்தார்கள். அப்பா அரை நாள் நின்று ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து அதை எடுத்துவந்தார். எங்கள் பூர்வீகம் பின்லாந்து; சித்தப்பா அந்த ராணுவத்தில் சண்டை போட்டுத்தான் செத்தார். கட்டையின் அடிப்பக்கம், தோளில் பதிகிற இடத்தில், எவனோ ஒரு சிப்பாய் கத்தி முனையால் மூன்று எழுத்துகளைக் கீறியிருக்கிறான். உர்ஹோ அறுக்க நினைத்த இரண்டு அங்குலத்தில்தான் அவை இருக்கின்றன.

மற்றவர்கள் அந்தப் பீப்பாயிலிருந்து வாங்கியவற்றை அறுத்தார்கள், துளைத்தார்கள், மெருகு பூசினார்கள். வெட்டிக் குறைத்தால்தான் வேட்டைக்கு ஆகும் என்பது இங்கே எல்லோருடைய எண்ணமும். அப்பா ஒரு திருகாணியைக்கூட மாற்றவில்லை. அவருக்குக் கண் மங்கிய பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தொழுவத்துக்குப் பின்னால் அவர் தோட்டா போட்டுக் கொடுப்பார், நான் சுடுவேன். நான் உயரமானவள், எங்கள் வீட்டில் எல்லோரையும்விட நீளமான கை எனக்கு. கட்டை என் தோளுக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கும். உர்ஹோவைவிட நன்றாகச் சுடுவேன். "பையனாப் பொறந்திருக்க வேண்டியவ" என்று அப்பா சொல்லுவார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். துப்பாக்கியையும் காட்டிலிருக்கும் வேட்டைக் குடிலையும் உர்ஹோவுக்கு எழுதிவைத்தார்.

பதினாறு வயதில், நவம்பர் பதினாலாம் தேதி, வேட்டைக் குடிலுக்குக் கிளம்பும் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பையோடு போய் நின்றேன். எதுவும் சொல்லவில்லை. அப்பா என் பையைப் பார்த்தார். "உள்ள கொண்டு போய் வை" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு முப்பத்தோரு வருடங்கள், வேட்டை தொடங்கும் நாள் மதியம் குடிலுக்குச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலையாயிற்று. மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட பேஸ்டிகள், துணியில் சுற்றிய கூடை. வாசல்வரை போவேன். கூடையைக் கொடுத்துவிட்டு, போன வருடத்துக் கூடையை வாங்கிக்கொண்டு திரும்புவேன். அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்த வைனோ ஒவ்வொரு வருடமும் ஒரே நையாண்டியைச் செய்வார். "சைமி, ரொம்ப நேரம் அங்க நிக்காத, காலு வேர் விட்டுரும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

டெல்ஃபீன் மேல் எனக்கு விரோதம் எதுவும் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். முப்பது வயது, சின்ன உருவம், எதையும் சத்தமாகச் சொல்லும் பெண். திருமணத்துக்குப் பிறகு எங்கள் சௌனாவில், நாங்கள் நீராவிக் குளியல் போடும் சூட்டறையில், ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, "இதுக்குள்ள வெந்துபோறதுக்கு நான் என்ன கோழியா அக்கா?" என்று ஓடிவந்தாள். என் அம்மாவின் காபிக் குடுவையைக் கழுவிப் பளபளப்பாக்கி, அதில் பூ வைத்தாள். "இவ்ளோ கறுப்பா இருந்துச்சு, எப்படித்தான் இதுல குடிச்சீங்களோ" என்றாள். நான் பதிலுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. வைனோவைக் கேளுங்கள்.

இனி குடிலில் இருக்கும் வில்லைப் பலகையைப் பற்றி. நீங்கள் சுரங்கக் குடும்பம் இல்லை என்று நினைக்கிறேன். செப்புச் சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் பொறித்த பித்தளை வில்லையைப் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் எடுப்பான். வில்லை தொங்கினால் ஆள் கீழே இருக்கிறான், இல்லாவிட்டால் இல்லை. வெடி வைக்கிறவன் யாரையும் கூப்பிட்டுப் பார்க்க மாட்டான். பலகையைப் பார்த்துத்தான் திரியில் நெருப்பு வைப்பான். அப்பா அந்த வழக்கத்தைக் குடிலுக்கும் கொண்டுவந்தார். சுவரில் ஒரு பலகை, அதில் நான்கு ஆணிகள். பாறை, ஓடை, எரிகாடு என்று மானுக்குக் காத்திருக்கும் மூன்று பரண்களுக்கு மூன்று, குடிலிலேயே இருப்பவருக்கு வீடு என்று ஒன்று. எந்தப் பரணுக்குப் போகிறாயோ அந்த ஆணியில் உன் வில்லை. வில்லை தொங்கும் பக்கம் யாரும் சுடக்கூடாது. ஆணி காலியாக இருந்தால் அந்தப் பக்கம் மான் மட்டும்தான். முப்பது வருடத்தில் ஒருவருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. அதனால் இவர்கள் தங்கள் கண்ணைவிடப் பலகையை நம்புகிறார்கள்.

இந்த வருடம் நவம்பர் பதினைந்தாம் தேதி மதியம் கூடையோடு போனேன். கதவைத் திறந்தது டெல்ஃபீன்.

"வெளிய ஏன் நிக்கிறீங்க அக்கா? உள்ள வாங்க. இனிமே இது நம்ம ராஜ்ஜியம்."

என் அப்பா கட்டிய குடிலுக்குள் வரச் சொல்லி அவள் என்னைக் கூப்பிட்டாள். நாற்பத்தேழு வயதில் முதல்முறையாக உள்ளே போனேன். நான் நினைத்திருந்ததைவிடச் சின்ன அறை. அடுப்பு, மேசை, மூலையில் திரை போட்ட படுக்கை. சுவரில் பலகை. அவள் கழுத்தில் நூல் கட்டி ஒரு வில்லை தொங்கியது. எண்ணைப் பார்த்தேன். நாற்பத்தொன்று. அப்பாவின் எண்.

"உர்ஹோ குடுத்தாரு. நல்லாருக்கா?" என்றாள்.

நன்றாக இருக்கிறது என்றேன். இருந்தது.

எல்லோரும் சாப்பிட்டார்கள். முதலில் வைனோ கிளம்பினார், எரிகாட்டுக்கு. உர்ஹோ சௌனாவுக்கு விறகு பிளக்கப் பின்பக்கம் போனான். இரண்டு மணிக்கு டெல்ஃபீன் உர்ஹோவின் சின்னத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். வில்லையைக் கழற்றி ஓடை ஆணியில் மாட்டினாள். ஒருமுறை விலகி நின்று நேராக இருக்கிறதா என்றுகூடப் பார்த்தாள். "தட்டெல்லாம் கிடக்கட்டும் அக்கா, நான் வந்து கழுவிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் தட்டுகளை எடுத்து வைத்தேன். பிறகு அவள் வில்லையை ஓடை ஆணியிலிருந்து எடுத்து வீடு ஆணியில் மாட்டினேன். அது கனமாக இல்லை. படுக்கையின் திரையை இழுத்து மூடினேன். அதன்பின் தண்ணீர் சுடவைத்தேன்.

உர்ஹோ உள்ளே வந்து பலகையைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நான் அவனிடம் எதுவும் பொய் சொல்லவில்லை. பூனைபோல நடந்து போய் அப்பாவின் துப்பாக்கியை எடுத்தான். தன் வில்லையைப் பாறை ஆணியில் சத்தம் வராமல் மாட்டினான்.

"தூங்கட்டும் பாவம், விடிகாலையில எழுந்தவ," என்று என் காதருகே கிசுகிசுத்தான். "மெதுவாக் கழுவு அக்கா."

மெதுவாகத்தான் கழுவினேன்.

மூன்று மணிக்கு வீடு வந்து சேர்ந்தேன். இருட்ட இரண்டு மணி நேரம் இருந்தது. திரும்பிப் போய்ச் சொல்ல நேரம் இருந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். இருந்தது. ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்திருந்தேன், அது பொங்கியிருந்தது. பாறைக்குக் கீழேதான் ஓடை. நாலரை மணிக்கு அந்தப் புதருக்குள் அவளுடைய சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டை வெறும் கறுப்பாகத்தான் தெரியும். அவள் பரணிலிருந்து இறங்கி நடந்திருக்கிறாள். உர்ஹோ ஒரே ஒரு முறைதான் சுட்டான். அது நேராகச் சுடும் துப்பாக்கி என்று நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன்.

அடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "பழக்கமில்லாத பொண்ணு, வில்லையை மாத்த மறந்துட்டா." வைனோ சொன்னார், பாதிரியார் சொன்னார், நீங்களும் உங்கள் தாளில் அப்படித்தான் எழுதினீர்கள். எனக்கு அது சங்கடமாக இருந்தது. அவள் மறக்கவில்லை. ஒழுங்காக மாட்டினாள். ஆனாலும் உர்ஹோவை யாரும் குறை சொல்லவில்லை என்பதால் பேசாமல் இருந்தேன்.

நான் இதை யாரிடமும் சொல்லியிருக்க மாட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை காலை உர்ஹோ என் சமையலறைக்கு வந்தான். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் ரம்பம். எட்டு நாளாகச் சவரம் செய்யவில்லை. துப்பாக்கியை மேசைமேல் கிடத்தி, முழங்காலால் அழுத்திப் பிடித்தான்.

"என்ன பண்றே?"

"துண்டு துண்டா அறுத்து அடுப்புல போடப்போறேன். குழலை ஏரியில எறிஞ்சுருவேன்."

"இன்னும் நான் முடிவு சொல்லலையே."

"என்ன முடிவு?"

"அறுக்கலாமா வேண்டாமான்னு. யோசிச்சுச் சொல்றேன்னேன்ல. வேண்டாம். அறுக்காத."

"அக்கா, இது என் பொண்டாட்டியைக் கொன்ன துப்பாக்கி."

"அது என்னடா பண்ணுச்சு? பலகை சொன்னதை நம்பி நீ சுட்டே. அவ ஓடை ஆணியிலதான் மாட்டினா. அதை எடுத்து வீட்டு ஆணியில மாட்டுனது நான்."

ரம்பத்தின் பற்கள் அப்போது மரத்தில் பதிந்திருந்தன. ஒரு இழுப்புக்கூட ஆகவில்லை, மேல்பூச்சில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும்தான். எண்ணெய் தடவினால் மறைந்துவிடும். அவன் கையை எடுத்தான். ரம்பம் தரையில் விழுந்தது. நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை. நல்ல பிள்ளை அவன், சின்ன வயதிலிருந்தே நான் பேசினால் குறுக்கே பேச மாட்டான். பிறகு எழுந்து போய் உங்களுக்குத் தொலைபேசியில் சொன்னான். நீங்கள் வர அரை மணி ஆகும் என்றான்.

நான் அவனுக்குக் காபி ஊற்றினேன். அவன் தொடவில்லை. துப்பாக்கியைத் துணியால் துடைத்துச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். எல்லாம் பேசி முடித்தாயிற்று, எங்களுக்குள் இனி மறைக்க ஒன்றும் இல்லை. அவன் முகமும் அமைதியாகத்தான் இருந்தது. கேட்பதற்கு இதைவிட நல்ல நேரம் வராது என்று தோன்றியது.

"தம்பி, ரொம்ப நாளா உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன்," என்றேன். "அடுத்த வருஷம் வேட்டைக்கு என்னைக் கூட்டிட்டுப் போறியா?"