கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

— இந்தாங்க, இந்தத் தண்ணியையும் குடிச்சிடுங்க.

— டீச்சர், இது ஏழாவது டம்ளர். இதுக்கு மேல ஊத்தினா விமானமே பாரம் தாங்காது.

— உள்ள காத்து வறண்டு கிடக்குங்க. தொண்டை காஞ்சா சளி வந்து உட்கார்ந்துக்கும். போன தடவை பட்டது மறந்துபோச்சா?

— அது எப்படி மறக்கும்? மூணு காபியைக் குடிச்சுட்டு, ஒன்பது மணி நேரம் காலை மடக்கித் தூங்கினேன். இறங்கும்போது காய்ச்சல், கால் ரெண்டும் பூசணிக்கா. உன் மக என்னைக் கண்ணாடிக் கதவுக்கு வெளியில, மாடிப்படியில உட்கார வெச்சுட்டா. உள்ள நீ பேரனை மடியில போட்டுக் கொஞ்சுற, நான் வெளியில உட்கார்ந்து கை ஆட்டுறேன். பத்து நாள் லீவும் அதுலயே போச்சு. அப்புறம் அவங்க நம்ம ஊருக்கு வந்தப்ப அவன் ஓட ஆரம்பிச்சுட்டான், தூக்கப் போனா கடிக்கிறான்.

— பச்சைக் குழந்தைங்க, அவ செஞ்சது சரிதான். இந்தத் தடவையும் போன்ல கறாரா சொல்லிட்டா. ஒரு தும்மல் இருந்தாக்கூட பாப்பா கிட்ட யாரும் வரக் கூடாதாம்.

— பொறந்து ஆறு நாள்தான் ஆகுது. அதை ஒரு தடவை கையில வாங்கணும்னுதானே நீ ஆட்டி வைக்கிற ஆட்டத்துக்கெல்லாம் ஆடுறேன்.

— அப்ப எழுந்திருங்க. கடைசி வரைக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க.

— இருபத்தெட்டு வருஷமா பஸ்ஸுல நின்னுக்கிட்டே டிக்கெட் கிழிக்கிறேன். இப்பத்தான் ஒரு சீட்டு கிடைச்சிருக்கு, அதுலயும் உட்கார விட மாட்டேங்கிறியே.

— போகும்போது எந்தச் சீட்டையும் தொடாதீங்க. ஊர்ப்பட்ட கை பட்ட இடம்.

— யார்கிட்ட சொல்ற? குண்டும் குழியுமான ரோட்டுலயே கம்பியைப் பிடிக்காம நிக்கிறவன் நான்.

— சரி சரி, பெருமையை வந்து பேசலாம். நடங்க.

— வந்துட்டேன், டீச்சர்.

— ஏன் இவ்வளவு நேரம்?

— பாத்ரூம் வாசல்ல கூட்டம், வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. நம்ம வாய் சும்மா இருக்குமா? 'நடுவுல இடம் இருக்கு, உள்ள போங்க, உள்ள போங்க'ன்னுட்டேன். எட்டுப் பேரும் மடமடன்னு நகர்ந்துட்டாங்க. ஒரு அம்மா என்கிட்ட ஜூஸ் கேட்டாங்க, வாங்கிக் குடுத்துட்டு வரேன். ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு நாளையிலேருந்து வேலைக்கு வரச் சொல்லுது.

— கையைத் துடைங்க. கணுக்காலைச் சுத்துங்க, வலது பத்து, இடது பத்து.

— நம்ம வீட்டுல விசில் வெச்சிருக்கிறது ரெண்டு பேரு. ஊதுறது மட்டும் விளையாட்டு டீச்சர்தான். சரி, ஒண்ணு கேக்கறேன். காலையில கவுன்டர்ல போய் எதுக்குச் சீட்டை மாத்தினே? என் பக்கத்துல காலியாக் கிடக்கு, நீ வழிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க. சண்டை போட்டப்பக்கூட நாம இவ்வளவு தூரமா உட்கார்ந்ததில்லையே.

— வழியோரமா இருந்தாத்தானே காலை நீட்டலாம்.

— மாஸ்க்கைக் கழட்டவே இல்லை. சாப்பாட்டையும் அப்படியே திருப்பிக் குடுத்துட்ட.

— பசிக்கலைங்க. பெல்ட்டைப் போடுங்க, இறங்கப் போகுது.

— கையைக் குடு. இறங்கும்போது மட்டும் எனக்குக் கையைப் பிடிச்சுக்க ஆள் வேணும்னு உனக்குத் தெரியும்ல.

— வேண்டாம், சீட்டைப் பிடிச்சுக்குங்க.

— இவ்வளவு நேரம் தொடாதேன்ன, இப்ப பிடிச்சுக்கங்கற. குடு இப்படி. டீச்சர், என்ன கை இப்படிச் சுடுது?

— விடுங்க. முகத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க, மொதல்ல கையைத் துடைங்க.

— எப்பலேருந்து?

— காலையில பெட்டி கட்டும்போதே தொண்டை கரகரன்னுச்சு. சாதாரணச் சளிதான், ரெண்டு மாத்திரை போட்டிருக்கேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— சொன்னா நீங்க ஏறியிருக்கவே மாட்டீங்க. டிப்போவுல இந்த லீவு வாங்கவே எட்டு மாசம் அலைஞ்சீங்க.

— நீ இல்லாம நான் மட்டும் எப்படி உள்ள போறது? எனக்கு மனசு வருமா, சொல்லு.

— போன தடவை உள்ள சீட்டு எனக்கு, நீங்க வெளியில இருந்தீங்க. இந்தத் தடவை சீட்டு உங்களுக்கு. நான் மாடிப்படியிலேருந்து கை ஆட்டுறேன், நீங்க பாப்பா முகத்தை மட்டும் கொஞ்சம் கண்ணாடிப் பக்கமாத் திருப்பிப் பிடிங்க.