பிறேக்கில் பிழையில்லை

உங்கள் கையெழுத்து நல்ல வடிவு, பரிசோதகர் ஐயா. உங்களுக்கு என் மகனின் வயதுகூட இராது. ஆனாலும் பதவிக்கு மரியாதை கொடுத்து ஐயா என்றே எழுதுகிறேன். கனிசியஸின் பழைய ஏ-40 காரைச் சோதித்து நீங்கள் கொடுத்த அறிக்கையின் பிரதியை என்னுடைய சட்டத்தரணி நேற்றுக் கொண்டுவந்து தந்தார். "சந்தியோகு அண்ணை, உந்த அறிக்கையோடை வழக்கு முடிஞ்ச மாதிரித்தான். இனிப் பயமில்லாமல் இருங்கோ" என்றார். வாசித்து முடித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

விபத்துக்குக் காரணம் பிறேக் பழுது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிறேக்கைப் பூட்டியவன் நான்.

இளவாலையில், இடம்பெயர்ந்த வருடங்கள் நீங்கலாக, முப்பது வருடம் வாகனம் திருத்தும் கராச் வைத்திருக்கிறேன். சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் பல என் கை பட்டவை. ஒருமுறை காயக்காரர் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு போன கார், அதற்குச் சற்று முன் மரத்தில் தட்டியிருந்தது. அவசரத்தில் அடியில் பாராமல் எடுத்தார்கள். வழியில் ஸ்ரியரிங் கழன்று கார் தோட்டக் கிணற்றுக்குள் இறங்கியது. ஓட்டியவனோடு நாலு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். தட்டின வாகனத்தைப் பாராமல் எடுக்கக்கூடாது என்பது அன்றிலிருந்து என் சட்டம். ஊருக்கே தெரியும். குணலட்சுமிக்கும் தெரியும்.

நீங்கள் 'துவிச்சக்கரவண்டியில் சென்ற பெண், வயது 46' என்று எழுதியிருப்பவள்தான் குணலட்சுமி. புருஷன் இல்லை. ஆரணி என்று ஒரு மகள். விடிகிற நேரத்தில் கீரைக்கட்டுகளைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் சந்தைக்குப் போவாள். அன்றும் அப்படித்தான் போனாள். இரண்டு நாளில் கனிசியஸின் மகளுக்குக் கல்யாணம். தன் தகப்பனாரின் காரில்தான் பெண் கோயிலுக்குப் போகவேண்டும் என்று அவர் கனடாவிலிருந்து வந்து நின்றார். அந்தப் பழைய காரைத் திருத்தி எடுத்தது மூன்று வருட வேலை. கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்க்க ஐந்தரைக்குக் காரை எடுத்தேன். தெல்லிப்பழைக்குப் போகும் வழியில், இராணுவம் அண்மையில் விடுவித்த காணிகளுக்கு நடுவே ஒரு செம்மண் ஒழுங்கை இருக்கிறது. கூரையில்லாத வீடுகள்தான் இரண்டு பக்கமும். சனம் குறைவு. அங்கேதான் அவளுடைய சைக்கிளில் தட்டினேன்.

தட்டியது காரின் இடது முன்பக்கம். அது சரியாகவே எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இடது கண் தெரியாது. இரண்டு வருடமாகச் சாரதி அனுமதிப்பத்திரமும் புதுப்பிக்கவில்லை. பொலிசுக்குக் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் இதை நான் சொல்லவில்லை, அவர்கள் கேட்கவும் இல்லை.

தட்டிய இடத்துக்கு முன்னால் ரயர் இழுபட்ட அடையாளம் இல்லை, ஆகவே பிறேக் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள். பிறேக்கை நான் மிதிக்கவேயில்லை, ஐயா. காணாததற்கு எப்படி மிதிப்பது? சத்தம் கேட்ட பிறகுதான் மிதித்தேன். கார் பதினெட்டு அடியில் நின்றது. அடி வைத்து அளந்து பார்த்தேன். பிறகு சனம் கூடி மிதித்து அந்த அடையாளத்தை அழித்துவிட்டது.

முன் சில்லின் பிறேக் குழாய் அறுந்திருப்பதும் உண்மை. ஆனால் அதை விளக்கோடு கிட்டப் போய்ப் பாருங்கள். பக்கத்து இரும்பில் சங்கிலி உரஞ்சிய மினுக்கம் இருக்கும். காரை நீதிமன்ற வளவுக்கு உழவு இயந்திரத்தில் இழுத்துப் போனவர்கள் கண்ட இடத்தில் சங்கிலியைச் சுற்றினார்கள். றேடியேற்றரில் நீங்கள் கண்ட ஓட்டையும் அவர்களுடைய கொக்கி குத்தியதுதான். அன்று காலை தண்ணீர் கழுத்துவரை நின்றது. மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். தட்டியதில் மட்காட் மட்டும் நெளிந்து ரயரில் முட்டியது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். ஒரு நிமிடம்கூடச் செல்லவில்லை.

'சேதம் காரணமாக வாகனத்தை உடனே நகர்த்த முடியாதிருந்தது; சாரதி பின்னர் கைப்பிறேக்கை நம்பி மெல்ல ஓட்டிச் சென்றிருக்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறீர்கள். பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன் என்று மட்டுமே நான் சொன்னேன். மிச்சம் உங்கள் ஊகம்.

குணலட்சுமி வெங்காயத் தோட்டத்துத் தறை ஓரத்தில் கிடந்தாள். வெளியில் இரத்தம் அதிகம் இல்லை. என்னை அடையாளம் கண்டாள்.

"அண்ணை, கால் விறைக்குது. கார் ஓடுமோ?"

"பாக்கிறன் தங்கச்சி. பாராமல் எடுக்கேலாது."

"ஓம் ஓம். வடிவாப் பாத்திட்டு எடுங்கோ. ஆரணி தேடப்போறாள்."

அவள் என்னை அவசரப்படுத்தவில்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

நான் கீழே படுத்துப் பார்த்தேன். கைத்தொலைபேசியைக் கராச்சில் விட்டுவிட்டதால் அம்புலன்ஸுக்கு அடிக்க முடியவில்லை என்று முதல் வாக்குமூலத்தில் இருக்கிறது. அதையும் திருத்தவேண்டும். அந்தத் தொலைபேசியின் வெளிச்சத்தில்தான் அடியில் பார்த்தேன். ஸ்ரியரிங் மூட்டுகள் இறுக்கம். சேசிஸில் வெடிப்பு இல்லை. பிறேக் எண்ணெய் ஒரு சொட்டும் கசியவில்லை. எல்லாமாக ஐந்து நிமிடம். கார் ஓடக்கூடிய நிலையில் இருந்தது.

பிறகு இன்னொரு தரம் பார்த்தேன். இவள் எழும்பி வந்து கதைத்தால் என் கண்ணைப் பற்றிக் கேட்பார்கள் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. கண் தெரியாத மெக்கானிக்கிடம் ஒருவரும் காரின் திறப்பைத் தரமாட்டார்கள். எனக்கு வேறு தொழில் தெரியாது. சண்டைக்குள்ளும் காப்பாற்றிய பெயர் அது. மூன்றாம் தரம் பின் சில்லிலிருந்து தொடங்கினேன். பின் சில்லுக்கும் தட்டியதற்கும் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். "அண்ணை, சரியோ?" என்று இடையில் இரண்டு தரம் கேட்டாள். "இன்னும் கொஞ்சம்" என்றேன். நாலாம் தரம் பார்க்கும்போது கேள்வி வரவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும் இருந்தது. அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். மொத்தம் நாற்பது நிமிடம்.

குணலட்சுமியின் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்தபின் ஆரணி கராச்சுக்கு வந்தாள். "நீங்கள் அம்மாவை விட்டிட்டு ஓடேல்லை, மாமா. அது போதும்" என்று என் கையைப் பிடித்து அழுதாள். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லவில்லை. அவருக்குக் கார் பற்றி ஒன்றும் தெரியாது. உங்களுக்கு விளங்கும்.

அவளைப் பின் இருக்கையில் ஏற்றி, கைப்பிறேக்கைத் தொடாமல், தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்கு ஒன்பது நிமிடத்தில் கொண்டுபோனேன். வாசலில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அது வலது பக்கமாக வந்ததால் கண்டேன். மிதித்தேன். கார் மிதித்த இடத்திலேயே நின்றது; நாய்க்கு ஒரு கீறலும் இல்லை. ஆஸ்பத்திரிக் காவலாளி சாட்சி.

ஆகவே, பிறேக் பழுது என்று எழுதிய அந்த ஒரு வரியைத் தயவுசெய்து வெட்டிவிடுங்கள்.