வழியில் மூன்று டிரம்

எனக்குப் படியேறிப் போவதுதான் பிடிக்கும், ஐயா. நாலு மாடி என்றாலும் நடைதான். உங்கள் அலுவலகத்துக்கும் அப்படித்தான் வந்தேன். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான், தண்ணீர் வேண்டாம்.

விபத்தைப் பற்றிய உங்கள் அறிக்கையைப் படித்தேன். லிஃப்ட் மெக்கானிக் வேலையை முடிக்காமலே முடித்ததாகப் பதிவு செய்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அடுத்த வாரம் கைது செய்துவிடுவார்கள் என்று அவர் மனைவி என்னிடம் வந்து அழுதார். மனிதர் சரியான முசுடு. ஆனால் பொய் சொல்லத் தெரியாது. அந்த வரியை நீங்கள் திருத்த வேண்டியிருக்கும்.

எங்கள் பெயிண்ட் தொழிற்சாலைக்குப் புது மென்பொருளைக் கொண்டுவந்தது நான். அதற்கு முன் சரக்கு வாங்குகிறவருக்கு ஒரு நோட்டு, ஸ்டோருக்கு ஒரு நோட்டு, பழுது பார்ப்பவருக்கு ஒரு நோட்டு. ஒருவர் செய்வது அடுத்தவருக்குத் தெரியாது. மென்பொருள் வந்தபின் எல்லாருக்கும் ஒரே திரை. ஓர் ஆணி எங்கே கிடக்கிறது என்பதுகூடத் தெரிந்துவிடும். நல்ல விஷயம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இதில் மென்பொருள் கஷ்டமே இல்லை, மனிதர்களின் பழக்கம்தான் கஷ்டம். ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட அக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் அவர் அக்காதான், முதலாளிக்குக்கூட. எதையும் ஆளிடம் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி. சரக்கு வந்ததா, மெஷின் ஓடுகிறதா, எல்லாம் வாய்க் கேள்விதான். மூன்று மாதம் பயிற்சி கொடுத்தேன். யாரையாவது கூப்பிட வாயைத் திறந்தால் திரையைத் தட்டிக் காட்டுவேன்.

"ஆளு மறந்துடுவான்க்கா. இது மறக்காது."

"ஆளு மூஞ்சியப் பாத்தா பொய் தெரிஞ்சிடும் தம்பி. இதுக்கு மூஞ்சியே இல்லையே," என்று சிரிப்பார்.

மதியம் என் சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்து, "இது என்ன, கோழி கொறிக்கிற அளவு?" என்று தன் டப்பாவிலிருந்து அள்ளிப் போடுகிறவர். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மூன்றாம் மாதக் கடைசியில் கேட்பதை விட்டுவிட்டார். பயிற்சித் தேர்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினார்.

புது மென்பொருளுக்கு முழுவதும் மாறுவதற்கு முன், பதிவில் மூடாமல் கிடக்கும் வேலைகளை ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டும். முடிந்ததை மூடி, முடியாததை நிலுவையாகக் காட்ட வேண்டும். பழுது வேலைகள் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு. நாற்பதை விசாரித்தேன், எல்லாம் எப்போதோ முடிந்தவை, மூட மறந்தவை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். மீதி நூற்றெழுபத்திரண்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 'முடிந்தது' என்று அழுத்தினேன். ஒவ்வொன்றிலும் அந்த வேலைக்குரியவரின் பெயர் தானாக விழுந்தது. மெக்கானிக்கின் பெயர் அப்படி வந்ததுதான்.

எங்களிடம் பழுதான இயந்திரத்தில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். வேலை முடிந்ததென்று பதிவானால், கழற்ற வேண்டிய அட்டைகளின் பட்டியலை மென்பொருள் அச்சிட்டுத் தரும். மறுநாள் காலை ஷிப்ட் சூப்பர்வைசர் அந்தப் பட்டியலோடு போய்க் கழற்றினார். எள் என்றால் எண்ணெயாக நிற்கிற மனிதர். சரக்கு லிஃப்ட்டின் அட்டையும் அதில் ஒன்று. 'வடம் பிரிகிறது, யாரும் ஏறாதீர்கள்' என்று மெக்கானிக் அதில் எழுதியிருந்தார். அன்று அவருக்கு விடுமுறை.

இதுவரை கவனக்குறைவு என்று நீங்கள் எழுதலாம். நானும் பல மாதம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பத்தே முக்காலுக்கு அக்கா போன் செய்தார். மூன்று டிரம் தின்னரைத் தானே மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோவதாகப் பதிந்துவிட்டு, லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார். பதினொரு மணிக்குக் கம்பெனி இயக்குநர்கள் எங்கள் பெரிய திரையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அதில் பழுது நிலுவை பூஜ்யம்.

"தம்பி, லிஃப்ட்டுல நேத்து வரைக்கும் அட்டை தொங்குச்சே. சரி பண்ணிட்டாங்களா? மெக்கானிக்கைக் கேக்கலாம்னா லீவுல போயிட்டாரு."

அந்த அட்டையை நானும் பார்த்திருந்தேன், ஐயா. முந்தின நாள் மாலை அதைத் தாண்டித்தான் படியிறங்கி வீட்டுக்குப் போனேன். நின்று படித்தேன். லிஃப்ட்டை யாரும் தொடவில்லை என்று எனக்குத் தெரியும். பொறுங்கள் என்று சொன்னால் அந்த வேலையை மறுபடி திறக்க வேண்டும். பூஜ்யம் ஒன்றாகும். ஏன் என்று கேட்பார்கள். மற்ற நூற்றெழுபத்தொன்றும் சந்திக்கு வரும்.

"ஸ்கிரீன் என்னக்கா சொல்லுது?" என்றேன்.

கொஞ்சம் தாமதித்து, "பச்சைன்னு காட்டுது," என்றார்.

"அப்புறம் என்னக்கா?"

"அதானே. நீ இவ்ளோ சொல்லிக் குடுத்தும் கேட்டுக்கிட்டு நிக்கிறேன் பாரு." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார்.

எங்கள் மாடிக்கு அந்தச் சத்தம் மேசையை இழுத்தது போலத்தான் கேட்டது. முன்னதாகவே வந்துவிட்ட இயக்குநர் ஒருவர், என்ன சத்தம் என்றார். சரக்கு இறக்குகிறார்கள் என்றேன்.

பதினான்கு மாதமாகிறது. லிஃப்ட் புதியது, நான் ஏறுவதில்லை. தினமும் பத்தரைக்கே மேசைப் போனின் ஒயரைப் பிடுங்கிவிடுகிறேன். பத்தே முக்காலுக்கு அது அடிக்கிறது. எடுத்தால் அக்கா தாமதிக்கிற அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் கேட்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

மென்பொருளில் ஒரே ஒரு பதிவு மூடாமல் நிற்கிறது. தின்னர், மூன்று டிரம், ஸ்டோரிலிருந்து மூன்றாம் மாடிக்கு. உடன் வருபவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர். நிலை: வழியில். ஒவ்வொரு மாதமும் அதை மூடச் சொல்கிறார்கள். நூற்றெழுபத்திரண்டை ஒரே அழுத்தில் மூடியவனுக்கு இந்த ஒன்றின்மேல் விரல் போகவில்லை.

மெக்கானிக்கை விட்டுவிடுங்கள். வடம் தாங்காது என்று தெரிந்தே அக்காவை நான்தான் ஏறச் சொன்னேன்; அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். இறந்துபோனார் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். இங்கே வருவதற்கு முன்னால்கூடத் திறந்து பார்த்தேன். வழியில் என்றுதான் காட்டுகிறது.